படத்துக்குள் ஒரு முகவரி

ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். புலவர்கள், வள்ளல்கள் பெயரில் பலகைகள் நிற்கின்றன. பலகையோடு எடுத்த செல்ஃபியைப் பார்த்தால் எந்த வளைவு என்று யாரும் சொல்லிவிடுவார்கள். பலகையே விழாத படமும் இடத்தைச் சொல்லிவிடும் என்பதுதான் பலருக்குத் தெரியாது.

காரணம், எக்ஸிஃப். டிஜிட்டல் கேமராக்களுக்காக 1995இல் ஜப்பானில் வகுத்த பதிவுமுறை இது. கேமராவின் மாடல், படம் எடுத்த நேரம், ஷட்டர் வேகம் எல்லாம் படக்கோப்புக்குள்ளேயே பதிவாகிவிடும். புகைப்படக்காரர்களுக்கு உதவும் குறிப்புதான். அதில் வில்லங்கம் ஏதுமில்லை. கைபேசிக்குள் ஜிபிஎஸ் நுழைந்ததும் இடமும் தானாகப் பதிவாகத் தொடங்கியது.

சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அணுக் கடிகார நேரத்தை ஒலிபரப்பிக்கொண்டே இருக்கின்றன. குறைந்தது நான்கின் சமிக்ஞை வந்துசேர எடுத்த நேரத்தை வைத்துக் கைபேசி தன் இடத்தைக் கணக்கிடுகிறது. திறந்த வெளியில் ஏறக்குறைய 5 மீட்டர் துல்லியம் கிடைக்கும். செயற்கைக்கோளுக்கு நம்மை யாரென்றே தெரியாது. காட்டிக்கொடுப்பது சட்டைப்பையில் இருப்பதுதான். ஏலகிரி மேலே புங்கனூர் ஏரிக்கரையில் எடுத்த படத்தில் அட்சரேகை, தீர்க்கரேகையோடு மலையின் உயரம்கூட இருக்கும்.

வைரஸ் தடுப்பு மென்பொருளால் புகழ்பெற்ற ஜான் மெக்காஃபியே இதில் மாட்டினார். 2012 டிசம்பரில் பெலீஸ் போலீசுக்குத் தப்பித் தலைமறைவாக இருந்தவரோடு எடுத்த படத்தை 'வைஸ்' பத்திரிகை இணையத்தில் போட்டது. அதற்குள்ளிருந்த எண்கள் அவர் குவாத்தமாலாவில் இருப்பதைச் சொல்லிவிட்டன. சில நாளில் கைது.

மலைக்குக் கீழே ஆம்பூர், வாணியம்பாடி தோல் வியாபாரத்துக்கும் இது பொருந்தும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இடக்குறிப்பு கழன்றுவிடும். தோலின் நிறமும் மினுமினுப்பும் கெடாமல் தெரியட்டும் என்று 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் இடக்குறிப்பும் அப்படியே போகும். சாம்பிள் எந்த ஜாப் ஒர்க் பட்டறையில் தயாராகிறது என்பதை வெளியே சொல்லாத தொழிலில், அந்தப் படமே அதைச் சொல்லிவிடக்கூடும்.

ஆண்ட்ராய்டில் கேமரா செட்டிங்ஸிலேயே இடக்குறிப்பை அணைக்கலாம். ஐபோனில் லொகேஷன் சர்வீசஸ் பகுதியில் கேமராவுக்கு 'நெவர்' கொடுக்க வேண்டும். ஏற்கெனவே எடுத்த படங்கள் இதனால் மாறாது. அனுப்புமுன் கேலரியில் படத்தின் விவரத்தைத் திறந்து பாருங்கள். சின்ன வரைபடம் தெரிந்தால் இடத்தை நீக்கிவிட்டு அனுப்புங்கள்.