இலண்டனும் பாரிசும்: தூரமும் நேரமும்

"பாரிஸ் எவ்வளவு தூரம்?" எனப் பிள்ளைகள் வினவினால், "இரண்டேகால் மணித்தியாலம்" என்று விடையளிக்கின்றோம். கேட்டது தூரம், சொன்னது நேரம். இது பிழையன்று. நம் முன்னோரும் தொலைவை 'நாழிகைவழி' என்று, ஒரு நாழிகையில், அதாவது 24 நிமிடங்களில், நடக்கக்கூடிய தூரத்தைக் கொண்டு கணித்தனர்.

இலண்டனுக்கும் பாரிசுக்கும் இடையே நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 340 கிலோமீற்றர். புகையிரதப் பாதையோ ஏறத்தாழ 490 கிலோமீற்றர். இடையிலுள்ள கடலுக்கு அடியில் அமைந்த 50 கிலோமீற்றர் நீளமான சுரங்கம் 1994 ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் ஓடத் தொடங்கிய யூரோஸ்டார், பாரிசை அடையச் சுமார் 3 மணித்தியாலம் எடுத்தது. பிரான்சில் மணிக்கு 300 கிலோமீற்றர் வேகத்தில் விரைந்த வண்டி, இங்கிலாந்தின் பழைய பாதையில் உள்ளூர் வண்டிகளுக்கிடையே வேகம் குறைந்தே ஓடியது. 2007 இல் இங்கிலாந்திலும் அதிவேகப் பாதை முழுமையடைந்தது. பயணநேரம் இரண்டேகால் மணித்தியாலமாகக் குறைந்தது. நகரங்கள் நெருங்கவில்லை; பாதையே திருந்தியது.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு கணக்கு. இலண்டனில் காலை 10 மணிக்குப் புறப்படும் வண்டி, பாரிசைப் பிற்பகல் 1.15க்கு அடைகின்றது. பயணநேரம் என்ன? மூன்றேகால் மணித்தியாலம் எனின் தவறு. பாரிசின் கடிகாரம் ஒரு மணித்தியாலம் முந்தியது. ஆதலின் விடை இரண்டேகால் மணித்தியாலமே.

பெற்றோர்களே, வண்டி சென்றடையும் கார் து நோர் நிலையத்தின் அருகிலேயே, தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் உள்ளது. அந்நகரில் நம் உறவினர் பலர் வாழ்கின்றனர். காலையிற் சென்று இரவே திரும்பக்கூடிய இக்காலத்தில், அவர்களைக் காணாதிருப்பதற்குத் தூரத்தைக் காரணம் காட்டல் நமக்குத் தகுமா?