எச்சரிக்கை மட்டும் போதுமா? – பள்ளி மாணவரும் போதைப் பழக்கமும்

மதுவும் கஞ்சாவும் புகையிலையும் தீயவை என்பதை அறியாத மாணவர் இன்று இலர். வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். இஸ்லாம் மதுவை முற்றிலும் விலக்கியது. சிகரெட் பெட்டியின் மீதே நோயின் படம் அச்சிடப்பெற்றுள்ளது. இருந்தும், இவற்றைப் பாடமாகப் படித்துத் தேர்வில் விடையும் எழுதிய பிள்ளைகளுள் சிலர் இப்பழக்கத்தில் வீழ்கின்றனர். அறியாமையே இதற்குக் காரணம், அச்சுறுத்தி அறிவுரை கூறினால் தீர்ந்துவிடும் எனக் கருதுவது பொருந்துமா?

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் 1983ஆம் ஆண்டு ‘டேர்’ என்னும் திட்டம் தொடங்கப்பெற்றது. சீருடை அணிந்த காவலர்கள் வகுப்பறைக்கே வந்து போதைப்பொருளின் தீமைகளை எடுத்துரைத்தனர். நாடெங்கும் பரவிய இத்திட்டத்தை 1990களில் ஆய்வாளர் பலர் மதிப்பிட்டனர். பயின்ற மாணவர்க்குச் செய்திகள் தெரிந்திருந்தன. ஆனால் போதைப் பழக்கத்தைப் பொறுத்தவரை அவர்களுக்கும் பயிலாதவர்க்கும் இடையே பெரிய வேறுபாடு காணப்படவில்லை. நம் பள்ளிகளிலும் ஆண்டுதோறும் ஜூன் 26ஆம் நாள் உறுதிமொழியும் பேரணியும் நடைபெறுகின்றன. அவை வேண்டா என்பது நம் கருத்தன்று. அத்துடன் கடமை முடிந்தது என நாம் நிறைவு கொள்வதே குறையாகும்.

இதற்கு மாறான வழியில் சென்ற நாடு ஐஸ்லாந்து. அங்கே 1998ஆம் ஆண்டு 15, 16 வயதுடைய மாணவருள் நூற்றுக்கு 42 பேர், முந்தைய ஒரு மாதத்திற்குள் குடித்து வெறித்தவர்களாக இருந்தனர். நாள்தோறும் புகைப்போர் 23 விழுக்காட்டினர். அந்நாட்டார் சொற்பொழிவுகளைப் பெருக்கவில்லை. ஆண்டுதோறும் மாணவரிடம் வினாத்தாள் கொடுத்து, ‘மாலையில் எங்கே இருக்கிறாய்? பெற்றோருடன் எவ்வளவு நேரம் கழிக்கிறாய்? நண்பர் யார் என்பது வீட்டாருக்குத் தெரியுமா?’ என்றெல்லாம் கேட்டனர். விடைகளைத் தொகுத்து அந்தந்தப் பள்ளிக்கும் ஊருக்கும் விரைவிலேயே அளித்தனர். தம் ஊரின் நிலையைத் தாமே கண்ட பெற்றோர், பிள்ளைகளை நள்ளிரவில் வெளியே விடுவதில்லை, வயது வராதவர்க்கு மது வாங்கித் தருவதில்லை எனத் தமக்குள் உடன்படிக்கை செய்துகொண்டனர். 13 முதல் 16 வயது வரையிலானோர் குளிர்காலத்தில் இரவு 10 மணிக்கு மேல் துணையின்றி வெளியே திரிதலைச் சட்டமும் தடுத்தது. ரெய்க்யவிக் நகராட்சியோ ஒவ்வொரு பிள்ளைக்கும் விளையாட்டு, இசை முதலியவற்றில் சேர ஆண்டுதோறும் உதவித்தொகை வழங்கியது.

2016ஆம் ஆண்டில் முற்கூறிய 42 என்பது 5 ஆயிற்று. 23 என்பது 3 ஆயிற்று. முழு மாற்றமும் இத்திட்டத்தாலேயே நேர்ந்தது என அறுதியிட்டுரைத்தல் இயலாது. ஐரோப்பாவின் வேறு சில நாடுகளிலும் அக்காலத்தில் இளையோர் குடி ஓரளவு குறைந்தது. எனினும் ஐஸ்லாந்தில் குறைந்த அளவு பெரிது.

இது வியப்பன்று. ஆராய்ந்து முடிவெடுத்தற்குரிய மூளையின் முன்பகுதி, இருபது வயதைக் கடந்த பின்னரே முழு வளர்ச்சி பெறுகிறது. புதுமை நாட்டமும் நண்பர் மதிப்பைப் பெறும் வேட்கையும் அதற்கு முன்னரே முனைப்பாக எழுந்துவிடுகின்றன. பத்தாண்டுக்குப் பின் வரும் ஈரல் நோயைச் சொல்லி, இன்று மாலை நண்பன் நீட்டுவதைத் தடுத்துவிட முடியாது. அந்த மாலைப்பொழுது எவ்வாறு கழிகிறது என்பதே கேள்வி. பள்ளி முடிந்து பெற்றோர் வீடு திரும்பும் வரை உள்ள இரண்டு மூன்று மணி நேரத்தைப் பற்றி நாம் கவலைப்படுவதில்லை. மதிப்பெண்ணைப் பற்றி மட்டும் கவலைப்படுகிறோம்!

நம் நாட்டு நிலையையும் நோக்குவோம். அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வு, முகர்ந்து போதை கொள்ளும் பொருள்களைப் பயன்படுத்துவோர் பெரியவருள் 0.58 விழுக்காடு எனவும், 10 முதல் 17 வயதுச் சிறாருள் 1.17 விழுக்காடு எனவும் கண்டது. ஒட்டும் பசையும் எழுத்துப்பிழை அழிக்கும் திரவமும் போன்றவை இவை. மதுக்கடையில் அல்ல, சாதாரணக் கடைகளில் கிடைப்பவை. ஆதலின் மதுக்கடையை மட்டும் காவல் செய்து பயனில்லை.

சட்டங்கள் இல்லாமல் இல்லை. கல்வி நிலையத்திலிருந்து 100 கஜ தூரத்திற்குள் புகையிலைப் பொருள் விற்பதை 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. சிறாருக்கு மதுவோ புகையிலையோ போதைப்பொருளோ கொடுப்போர்க்கு, 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவின்படி ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பள்ளிக்கு எதிரேயுள்ள பெட்டிக்கடைக்காரர் பெரும்பாலும் நம் தெருக்காரரே. வழக்குக்கு முன்பே ஜமாஅத் பெரியோரோ ஊர்ப் பெரியவரோ நேரில் சென்று சொல்லும் சொல்லுக்கு அவரிடம் மதிப்புண்டு. மாலையில் பூட்டிக் கிடக்கும் மண்டபங்களையும் பள்ளித் திடல்களையும் திறந்துவிடுதலும் அப்பெரியோர் கையில் உள்ளதே.

பிடிபட்ட மாணவனை என்ன செய்வது? மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவதே பல இடங்களில் வழக்கம். மற்ற மாணவரைக் காக்கவே இவ்வாறு செய்கிறோம் என நிர்வாகத்தார் கூறுவர், அக்கவலை நியாயமானதே. ஆயினும் வெளியேற்றப்பட்டவன் எங்கே செல்கிறான்? படிப்பும் ஆசிரியர் கண்காணிப்பும் நல்ல நண்பரும் ஒரே நாளில் நீங்க, நாள் முழுதும் ஓய்வும் பழைய கூட்டமுமே அவனுக்கு எஞ்சுகின்றன. விற்பவனையும் வீழ்ந்தவனையும் ஒரே தட்டில் நிறுத்தலாகாது. முன்னவன் காவல்துறைக்குரியவன், பின்னவன் மருத்துவர்க்குரியவன். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவர் உள்ளனர். 14446 என்னும் தேசிய உதவி எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். அவ்வெண்ணைப் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்தால், வீட்டாரிடம் சொல்ல அஞ்சும் மாணவனும் தானே அழைக்கக்கூடும்.