தாலி கட்டாத தகப்பனுக்குப் பிள்ளை மேல் உரிமை உண்டா?

"பிள்ளையோட அம்மா விடாம குடிக்குது. எங்களுக்கு முறைப்படி கல்யாணம் ஆகலை. பிள்ளையை நான் வச்சுக்க முடியுமா?" கீழ்ப் பழனி மலையில், ஆடலூரில் காப்பித் தோட்ட வேலைக்குப் போகும் ஒருவர் இப்படிக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஊர்ப் பெரியவர்கள் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். "பெத்தவ இருக்கும்போது உனக்கு என்ன பேச்சு" என்பார் ஒருவர். "குடிகாரியிடம் பிள்ளையை யார் விடுவார், போய்த் தூக்கிக்கொண்டு வா" என்பார் இன்னொருவர். இரண்டுமே தவறான வழி காட்டுகின்றன. இந்தத் தகப்பனைச் சட்டம் இரண்டாம் இடத்தில் நிறுத்துகிறது என்பது உண்மை. ஆனால் கதவைச் சாத்திவிடவில்லை.

முதலில் கேட்க வேண்டியது, கல்யாணம் ஆகவில்லை என்பது உண்மையா என்பதைத்தான். ஏனென்றால் நம் மக்கள் பலர், பதிவு செய்யாத கல்யாணத்தையே கல்யாணம் இல்லை என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம். ஆனாலும் பதிவு செய்யாததால் மட்டும் ஓர் இந்துத் திருமணம் செல்லாமல் போவதில்லை. ஐயரும் அக்கினியும் வேண்டும் என்பதும் இல்லை. அண்ணா முதல்வராக இருந்த 1967இல், இந்து திருமணச் சட்டத்தில் 7-அ என்ற பிரிவை நம் சட்டமன்றம் சேர்த்தது. உறவினரோ நண்பரோ வேறு சிலரோ முன்னிலையில், புரியும் மொழியில் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லி, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலும் தாலி கட்டினாலும் போதும். அதற்கு ஊரறிய அறிவிப்பும் தேவையில்லை என்று 2023 ஆகஸ்டில் இளவரசன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. நாலு பேர் முன்னால் குலதெய்வக் கோயிலில் தாலி கட்டி, மண்டபச் செலவுக்கு வழியில்லாமல் குடித்தனம் தொடங்கியவர்கள் "கல்யாணம் ஆகாதவர்கள்" ஆகிவிட மாட்டார்கள். எந்தச் சடங்குமே இல்லாவிட்டாலும், நெடுங்காலம் கணவன் மனைவியாகவே ஊரில் வாழ்ந்திருந்தால் திருமணம் நடந்ததாக நீதிமன்றம் அனுமானிக்கலாம். தமிழ்நாட்டிலிருந்து போன எஸ்.பி.எஸ். பாலசுப்ரமணியம் எதிர் சுருட்டையன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. எதிர்த்தரப்பு ஆதாரம் காட்டி உடைக்காதவரை அந்த அனுமானம் நிற்கும்.

இதில் ஏன் இவ்வளவு நேரம் நிற்கிறேன் என்றால், எல்லாம் இங்கேதான் திரும்புகிறது. திருமணம் உண்டு என்றால், 1956ஆம் ஆண்டின் இந்து சிறார் மற்றும் காப்பாளர் சட்டம், 6(அ) பிரிவில், தகப்பனையே முதல் இயற்கைக் காப்பாளராக வைக்கிறது. ஐந்து வயது நிறையாத பிள்ளை மட்டும் சாதாரணமாக அம்மாவிடம் இருக்கும். திருமணம் இல்லை என்றால் அதே சட்டத்தின் 6(ஆ) வருகிறது. அங்கே முதலில் அம்மா, அவருக்குப் பின் அப்பா. வழக்கறிஞரிடம் போகிறவர் தன் குடித்தனம் எப்படித் தொடங்கியது, யார் யார் பார்த்தார்கள், ரேஷன் அட்டையில் பெயர்கள் எப்படி இருக்கின்றன என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பழனி மலையின் பளியர் குடும்பங்களுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. பழங்குடியினருக்கு 1956ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது என்று அதன் 3ஆம் பிரிவே சொல்லிவிடுகிறது. அவர்களுக்கு அவர்கள் வழக்கமும், எல்லா மதத்தாருக்கும் இனத்தாருக்கும் பொதுவான 1890ஆம் ஆண்டுக் காப்பாளர்கள், காப்பிலுள்ளோர் சட்டமும்தான். கிறிஸ்தவக் குடும்பங்களும் இந்த 1890 சட்டத்தின் வழியாகத்தான் நீதிமன்றம் போகிறார்கள்.

சரி, உண்மையிலேயே திருமணம் இல்லை. அம்மா முதல் காப்பாளர். அப்படியானால் அவர் உயிரோடு இருக்கும்வரை அப்பா காத்திருக்க வேண்டியதுதானா? இங்கே ஒரு பழைய வழக்கு உதவுகிறது, அதுவும் அம்மா ஒருவர் தொடுத்தது. கோயம்புத்தூரில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன் 1984இல் தன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்கப் போனபோது, தகப்பன்தான் காப்பாளர் என்று கையெழுத்தை ஏற்க மறுத்தார்கள். கணவரும் அவருமாகவே உச்ச நீதிமன்றம் போனார்கள். 1999 பிப்ரவரி 17 அன்று வந்த தீர்ப்பு, தகப்பனுக்குப் "பின்" அம்மா என்பதற்குத் தகப்பன் இறந்த பின் என்று பொருள் கொள்ளக் கூடாது என்றது. தகப்பன் பிள்ளையைக் கவனிக்காமல் விட்டாலோ, உடலாலோ மனத்தாலோ கவனிக்க இயலாமல் போனாலோ, அவர் இருக்கும்போதே அம்மா காப்பாளர் ஆகலாம்.

6(அ)வில் இருக்கும் அதே சொல்தான் 6(ஆ)விலும் இருக்கிறது. அம்மா இருந்தும் பிள்ளையைக் கவனிக்க முடியாத நிலையில் விழுந்துவிட்டால், அப்பாவின் முறை வந்துவிட்டது என்று அதே தர்க்கத்தில் வாதிடலாம். அந்தத் தீர்ப்பு திருமணமாகாத தகப்பனைப் பற்றி நேராக முடிவு சொல்லவில்லை, ஆகவே இது வாதம்தான். ஆனால் வலுவான வாதம் என்றே நான் நினைக்கிறேன். அதற்குத் துணையாக 13ஆம் பிரிவு இருக்கிறது. யார் காப்பாளர் என்று தீர்மானிக்கையில் பிள்ளையின் நலனே எல்லாவற்றுக்கும் மேல் என்கிறது அது.

திருமணமாகாத தகப்பனைக் கணக்கிலேயே எடுக்காமல் விட்டது தவறு என்று சொன்ன தீர்ப்பும் நம் பக்கத்து மாநிலத்தில் உண்டு. கேரளத்தில் சேர்ந்து வாழ்ந்த இருவருக்கு 2020இல் குழந்தை பிறந்தது. தகப்பன் வேலைக்காகத் தமிழ்நாடு வந்திருந்த காலத்தில் தொடர்பு அறுந்துபோக, தாய் மனம் ஒடிந்து குழந்தையைக் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைத்தார். மணமாகாத தாய் என்று எடுத்துக்கொண்டு, அவர் கையெழுத்தை மட்டும் பெற்று, குழந்தையைத் தத்துக் கொடுத்துவிட்டார்கள். பிறகு இருவரும் சேர்ந்து கேரள உயர் நீதிமன்றம் போனார்கள். 2021 ஏப்ரலில் நீதிபதிகள் முகமது முஸ்தாக், கௌசர் எடப்பகத் அமர்வு, குழந்தையை ஒப்படைக்கும் விஷயத்தில் சேர்ந்து வாழும் இணையையும் மணமானவர்களைப் போலவே நடத்த வேண்டும், பெற்ற தகப்பனைக் கேட்காமல் செய்தது செல்லாது என்றது. தமிழ்நாட்டு நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது. எடுத்துக்காட்டிப் பேசலாம்.

இனி குடி. இந்த இடத்தில்தான் பல தகப்பன்கள் வழக்கைத் தோற்கிறார்கள் என்று அஞ்சுகிறேன். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 18.8 விழுக்காட்டினர் குடிக்கிறார்கள், பெண்களில் 1.3 விழுக்காட்டினர். எண்ணிக்கை குறைவு என்பதாலேயே குடிக்கும் பெண்ணின் மீது ஊர் காட்டும் வெறுப்பு பல மடங்கு. அந்த வெறுப்பை நம்பி மனு எழுதக் கூடாது. "அவள் குடிக்கிறாள், ஒழுக்கம் கெட்டவள்" என்ற வரிக்கு நீதிமன்றத்தில் எடை கிடையாது. அந்த வீட்டில் பிள்ளையின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்பதுதான் கேள்வி. காலையில் யார் சோறு போட்டது? பள்ளிக்கு எத்தனை நாள் போகவில்லை? காய்ச்சல் வந்தபோது யார் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப் போனது? அம்மா மயங்கிக் கிடந்த இரவில் பிள்ளை எங்கே தூங்கியது?

இதற்கெல்லாம் சான்று மலையிலேயே இருக்கிறது. பள்ளி வருகைப் பதிவேடு, அங்கன்வாடியின் எடைப் பதிவு, தடுப்பூசி அட்டை, கிராம சுகாதார செவிலியர், வகுப்பாசிரியர், அடுத்த வீட்டு ஆத்தா. போதையில் கிடப்பவரைக் கைபேசியில் படம் பிடித்து ஊருக்கு அனுப்புவது சான்று ஆகாது. அது அந்தப் பெண்ணை அவமானப்படுத்தும், நாளை பிள்ளை கண்ணிலும் படும். அவருடைய மருத்துவமனைச் சீட்டுகளைத் திருட்டுத்தனமாக எடுப்பதும் கூடாது. குடிநோயையும் உள்ளடக்கிய 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் அவற்றை ரகசியமாகக் காக்கச் சொல்கிறது. வேண்டுமென்றால் நீதிமன்றம் வரவழைத்துக்கொள்ளும். அந்தச் சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது. சிகிச்சைக்குச் சேரும் தாயிடமிருந்து மூன்று வயது நிறையாத குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது. சிகிச்சைக்குப் போனால் பிள்ளை பறிபோய்விடும் என்ற பயத்திலேயே குடிநோயை மறைக்கும் அம்மாக்களுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும்.

அதே அளவுகோலைத் தகப்பன் மீதும் நீதிமன்றம் வைக்கும். 1890 சட்டத்தின் 17ஆம் பிரிவு, காப்பாளராகக் கேட்பவரின் குணத்தையும் திறனையும் பார்க்கச் சொல்கிறது. சம்பள நாளில் டாஸ்மாக் கடை வாசலில் நிற்பவர், "அவள் குடிக்கிறாள்" என்று எழுதினால் குறுக்கு விசாரணையில் அரை மணி நேரம் தாங்க மாட்டார். அவர் வேலைக்குப் போனால் பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்றும் கேட்பார்கள். இத்தனை நாள் பிள்ளைக்கு என்ன கொடுத்தார் என்றும் கேட்பார்கள். மணமாகாதவருக்குப் பிறந்த பிள்ளைக்கும் தகப்பன் ஜீவனாம்சம் தர வேண்டும் என்பது குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு. பிள்ளை தன்னிடம் இல்லை என்பது தராமல் இருக்கக் காரணம் ஆகாது.

தூக்கிக்கொண்டு வந்துவிட்டால்? ஒரு குழந்தைக்குத் தான்தான் தகப்பன் என்று நல்லெண்ணத்துடன் நம்பி எடுத்துச் செல்பவரை, கெட்ட நோக்கம் இல்லாதவரை, கடத்தல் குற்றத்திலிருந்து இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 137ஆம் பிரிவு விலக்குகிறது. பழைய தண்டனைச் சட்டத்திலும் இது இருந்தது. ஆனால் ஜெயிலுக்குப் போகமாட்டார் என்பதற்காகப் பிள்ளை அவருக்கு ஆகிவிடாது. அம்மா மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் ஆட்கொணர்வு மனு போடலாம். சட்டம் முதல் காப்பாளராகச் சொல்லும் அம்மாவிடமிருந்து பறித்து வந்தவர் என்ற பெயரோடுதான் தகப்பன் அங்கே நிற்பார்.

பிள்ளைக்கு இன்றிரவே ஆபத்து என்றால் நீதிமன்றத்துக்கு நேரமில்லை. குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழைக்க வேண்டும். பெற்றோர் இருந்தும் அவர் கவனிக்கத் தகுதியற்றவராகவோ இயலாதவராகவோ காணப்பட்டால், அந்தப் பிள்ளை பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை என்கிறது 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம். மாவட்டக் குழந்தைகள் நலக் குழு ஆள் அனுப்பி விசாரித்து, பிள்ளையைப் பொருத்தமானவரிடம் ஒப்படைக்கலாம். கண்காணிப்போடு அம்மாவிடமே திருப்பியும் அனுப்பலாம். குழுவிடம் போனால் விடுதியில் போட்டுவிடுவார்கள் என்ற அச்சம் மக்களிடம் இருக்கிறது. சட்டம் விடுதியைக் கடைசி வழியாகத்தான் வைக்கிறது. தகப்பன் அங்கே நேரில் போய், தன்னிடமும் தன் தாயாரிடமும் பிள்ளை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டும்.

நிலையான உரிமைக்கு மனு, பிள்ளை வழக்கமாக வசிக்கும் இடத்தின் நீதிமன்றத்தில். ஆடலூர்ப் பிள்ளை என்றால் திண்டுக்கல் மாவட்டம். 1890 சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி தன்னைக் காப்பாளராக நியமிக்கக் கேட்க வேண்டும். விசாரணை முடியும்வரை 12ஆம் பிரிவின்படி தற்காலிகப் பொறுப்பும், குறைந்தது வாரம் ஒருமுறை பிள்ளையைப் பார்க்க அனுமதியும் கேட்கலாம். தகப்பன் என்பதற்குப் பிறப்புச் சான்றிதழில் பெயர் இருந்தால் வேலை எளிது. அந்தப் பெண்ணுக்கு வேறொருவருடன் செல்லுபடியான திருமணம் இருந்தால் மட்டும் சிக்கல் பெரிது. சாட்சியச் சட்டம் அந்தக் கணவரையே தகப்பனாக எடுத்துக்கொள்ளும், மரபணுச் சோதனைக்கும் நீதிமன்றங்கள் எளிதில் உத்தரவிடுவதில்லை. வழக்கறிஞருக்குப் பணமில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு உண்டு, தொலைபேசி எண் 15100. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தருவார்கள்; மற்ற ஆண்களில் பெரும்பாலோருக்கு வருமான வரம்பு உண்டு. பெண் என்பதால் அந்த அம்மாவுக்கும் அதே உதவி உண்டு.

எந்த உத்தரவும் நிரந்தரம் இல்லை. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன ரோசி ஜேக்கப் வழக்கில் 1973லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. பிள்ளைகள் பெற்றோரின் உடைமை அல்ல, நிலைமை மாறினால் உத்தரவும் மாறும். குடியை விட்டு ஓராண்டு நிலையாக நின்ற அம்மா அதே நீதிமன்றத்துக்குத் திரும்ப வந்து பிள்ளையைக் கேட்கலாம். அன்றைக்குப் பிள்ளைக்கு விவரம் தெரியும் வயது வந்திருந்தால், யாரிடம் இருக்க விருப்பம் என்று நீதிபதி தன் அறைக்குக் கூப்பிட்டு அதனிடமே கேட்பார்.