கண்ணில் சிக்காத 'கனமான நியூட்ரினோ': கோலார் சுரங்கத்தில் அன்று பதிவானது என்ன?

கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைக்கு வரும் கரும்பு டிராக்டரை லோடோட ஒரு தடவை, காலியா ஒரு தடவை எடை போடுவாங்க. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கரும்போட எடை. கண்ணுக்குத் தெரியாத துகளை விஞ்ஞானிகள் தேடுவதும் கிட்டத்தட்ட இதே கணக்குதான்.

எதைத் தேடுறாங்க?

நியூட்ரினோவுக்கு எடையே இல்லை என்றுதான் முன்பு நினைத்தார்கள். மிகச் சிறிய எடை உண்டு என நிரூபித்தவர்களுக்கு 2015-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த எடை எப்படி வந்தது? 'கனமான நியூட்ரினோ' என இன்னொரு துகள் இருந்தால் விடை கிடைக்கலாம் என்பது ஒரு கருத்து.

எப்படித் தேடுறாங்க?

வழி 1: கேயான் என்ற துகள் சிதையும்போது பாசிட்ரானும் நியூட்ரினோவும் வரும். கேயானின் கணக்கில் பாசிட்ரானைக் கழித்தால், மீதி நியூட்ரினோவோடது. அந்த மீதி பெரிய எடையைக் காட்டி, அதே எடை திரும்பத் திரும்ப வந்தால் புதிய துகள் சிக்கியது என்று அர்த்தம். ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்தில் நடக்கும் 'என்ஏ62' சோதனை இப்படித் தேடியது. 2020-ல் வந்த முடிவு: சிக்கவில்லை.

வழி 2: கனமான துகள் பிறந்த இடத்திலிருந்து கொஞ்ச தூரம் போய்ச் சிதைந்தால், நடுவழியில் திடீரென இரண்டு தடங்கள் முளைக்கும். ஜப்பானின் 'பெல்' சோதனை, 77.2 கோடி பி-மேசான் ஜோடிகளில் இதைத் தேடியது. 2013-ல் வந்த முடிவும் அதேதான். இப்போது நடக்கும் 'பெல் 2' சோதனையில் சென்னை ஐஐடியும் இருக்கு.

கோலாரில் என்ன நடந்தது?

1965-ல், காற்றுமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோவை உலகில் முதலில் பதிவு செய்த இடங்களில் ஒன்று கோலார் தங்கச் சுரங்கம். பிறகு அங்கேயே சில விசித்திரத் தடங்கள் பதிவாகின. பாறைக்குள் இருந்து வராமல், சுரங்கத்தின் வெற்றுக் காற்றில் ஒரு புள்ளியிலிருந்து கிளம்பியவை அவை. கனமான புதிய துகள் சிதைந்திருக்கலாம் என 1975-ல் ஆய்வுக் கட்டுரை வெளியானது. வெளிநாட்டு ஆய்வகங்கள் தேடியும் கிடைக்கவில்லை. சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் எம்.வி.என்.மூர்த்தி, ஜி.ராஜசேகரன் இருவரும், இது கரும்பொருள் துகளாக இருக்குமோ எனப் பிறகு கேட்டார்கள்.

கிடைக்கலைன்னா உழைப்பு வீணா?

இல்லை. ஒவ்வொரு 'இல்லை'யும் தேட வேண்டிய இடத்தைக் குறைக்குது. ஆனால் கோலார் கேள்விக்கு ஆழமான சுரங்க ஆய்வகம் வேண்டும். தங்கச் சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது. தேனி பொட்டிபுரத்தில் 2015-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த ஆய்வகம், எதிர்ப்புகளுக்கும் வழக்குகளுக்கும் நடுவே நின்றுபோனது. அந்தத் தடங்களை விட்டுச் சென்றது எது என்பதற்கு இன்றும் விடை இல்லை.