முன்சக்கரத்தின் முரண்டு

பொன்னேரிச் சேற்று வயலில் சீராக உழுத நான்கு சக்கர இயக்க டிராக்டர், கும்மிடிப்பூண்டித் தார்ச்சாலை ஏறியதும் கட்டுண்டதுபோல் முரண்டுவதேன்? ஓட்டுநரை ஏசிப் பயனில்லை. இவ்வியக்கத்தில் முன்சக்கரங்கள், பின்சக்கரங்களைவிடப் பெரும்பாலும் நூற்றுக்கு 1 முதல் 5 பங்கு வரை மிகுதியாக ஓடும்படியே அமைக்கப்படுகின்றன. சேற்றில் அம்மிகை வழுக்கிக் கழியும். தாரில் வழுக்க இடமேது? முன்னச்சுத் தண்டு முறுக்கேறும், டயர் தேயும், இயக்கத்தை விடுவிக்கும் நெம்புகோலும் இறுகும். வலிந்து இழுத்தால் பல்சக்கரம் முறியக்கூடும், செலவோ பெரிது. சற்றுப் பின்னோக்கி ஓட்டுங்கள், முறுக்குத் தளரும்.

விடுவித்த பின்னும் இழுவை நீங்காவிடில், சமதரையில் எஞ்சினை நிறுத்தி, பின்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, ஒரு முன்சக்கரத்தை ஜாக்கியால் உயர்த்திக் கையால் சுழற்றிப் பாருங்கள். அது அசையாவிடில், இணைப்பு உள்ளே விடுபடவில்லை என ஐயுறலாம். நெம்புகோற் கம்பியைச் சீரமைக்க வேண்டும். வயலிலேயே இழுவை தோன்றின் டயர்களை நோக்குங்கள்: தேய்ந்த பின்டயர்களோடு முன்டயர்களை மட்டும் புதிதாக மாட்டியிருந்தால், அம்மிகை அளவு கடந்துவிடும்.