சாவு வீட்டு பறையும் கிட்டாரும் ஒரே மேடையில்: 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' உருவானது எப்படி?

பெரம்பலூர், அரியலூர் மாவட்ட கிராமங்களில் பறை சத்தம் கேட்டால், "யாரு வீட்டுல சாவு?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அதே பறையை கிட்டார், டிரம்சுடன் மேடை ஏற்றியது சென்னையில் உருவான 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு.

டைரக்டர் பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய இந்த குழுவின் முதல் கச்சேரி 2018 ஜனவரி 6-ந்தேதி கீழ்ப்பாக்கத்தில் நடந்தது. மேடை ஏறிய 19 பேரில் இசைவாணி மட்டுமே பெண்.

சாதி இல்லாத தமிழர் என்ற அயோத்திதாச பண்டிதரின் கருத்தில் இருந்து வந்ததுதான் குழுவின் பெயர்.

கானா, ராப், ராக் மூன்றும் கலந்தது இவர்கள் பாணி. கானாவும் சாவு வீட்டில் வளர்ந்த பாட்டுதான். இடஒதுக்கீடு, மாட்டுக்கறி என பேச தயங்கும் விஷயங்களையே பாட்டாக்கினார்கள்.

ஊரில் தெருவோரமாக நிற்க வைக்கப்படும் பறை கலைஞர், இங்கே கிட்டார்காரருக்கு சமமாக நின்றார் என்பது குறிப்பிடத்தக்கது.