சென்னையில் ஒரு நாள்

இன்டர்வியூவுக்குச் சென்னை போகும் நம்மில் பலர் கம்பெனி வாசலையும் பஸ் ஸ்டாண்டையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பி விடுகிறோம். கையில் காசு இல்லை என்பதுதான் காரணம். நண்பர்களே! நேரத்தைத் திட்டமிட்டால் குறைந்த செலவிலேயே ஊரைச் சுற்றலாம்.

கோயில் நடை நண்பகலில் சாத்தினால் மாலை 4 மணி வாக்கில்தான் திறப்பார்கள். ஆகவே முதலில் சாமி, பிறகுதான் மற்றதெல்லாம்.

காலையில் பீச் ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஏறி, திருவல்லிக்கேணியில் இறங்குங்கள். பார்த்தசாரதி தரிசனம் முடித்து, சாம்பாரில் மிதக்கும் இட்லி சாப்பிட்டால் மதியம் வரை தாங்கும். அங்கேயே 1795-ல் ஆற்காடு நவாப் குடும்பத்தார் கட்டிய பெரிய மசூதி இருக்கிறது. முழுக்கக் கருங்கல், சிவில் நண்பர்கள் அவசியம் பார்க்கணும்.

மறுபடி ரயிலேறித் திருமயிலையில் இறங்கினால், நடை சாத்துமுன் கபாலீஸ்வரரைக் கும்பிடலாம். மதியச் சாப்பாடு முடிந்ததும் சாந்தோம் தேவாலயத்துக்கு நடந்தே போகலாம். புனித தோமையார் கல்லறை உள்ள இடம் என்று கிறிஸ்தவர்கள் போற்றும் அந்த ஆலயத்தின் இன்றைய கட்டடம் 1896-ல் எழுந்தது.

அடுத்து, 1977-ல் இயங்கத் தொடங்கிய முக்கோண வடிவ கலங்கரை விளக்கம். மேலே போக லிப்ட் உண்டு; திங்கட்கிழமை விடுமுறை. கடைசியில் மெரினா மணலில் உட்கார்ந்து சுண்டல்.

வேலை கிடைக்குதோ இல்லையோ, "பட்டணம் எப்படிப்பா இருந்துச்சு?"ன்னு அம்மா கேட்டால் சொல்வதற்கு நாலு விஷயம் இருக்கும்!